பழைய 320டி-யா, பழைய ஃபார்ச்சூனரா: 15 லட்சத்தோடு நிற்கும் தம்பிக்கு

2025 ஜூன் 21, வந்த கேள்வி

"அண்ணா, ஊர் கோவை. கையில் 15 லட்சம், கடன் வாங்கப் போவதில்லை. இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2016 பிஎம்டபிள்யூ 320டி செடான், 62,000 கி.மீ., இரண்டாவது ஓனர், 14.75 கேட்கிறார்கள். இன்னொன்று 2014 டொயோட்டா ஃபார்ச்சூனர் எஸ்யூவி, 3.0 மேனுவல், 1,43,000 கி.மீ., ஒரே ஓனர், பொள்ளாச்சி தோப்புக்காரர், 13.5. வீட்டில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமனார். மாமனாருக்கு முட்டி வலி. மாதம் 1,200 கி.மீ. ஓடும். வருஷத்துக்கு நாலு தடவை வால்பாறை. மனசு 320டி பக்கம்தான். தைரியமாக இறங்கலாமா?"

ஜூன் 21, இரவு 10.40

தம்பி, மனசு ஒரு பக்கம் சாய்ந்த பிறகு நீங்கள் கேட்பது யோசனை இல்லை, விபூதி. பூசிவிடுகிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள்.

அந்த 320டி ஷோரூமை விட்டு வந்தபோது ஆன் ரோடு 40 லட்சத்துக்கு மேல். ஒன்பது வருஷத்தில் வண்டி விலை 14.75-க்கு இறங்கிவிட்டது. அதன் ஹெட்லைட் விலை இறங்கவில்லை. லோயர் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்குகிற கை), ஷாக் அப்சார்பர், ரன்-ஃப்ளாட் டயர் (காற்றுப் போனாலும் கொஞ்ச தூரம் ஓடுவது) எதுவும் இறங்கவில்லை, ஏறித்தான் இருக்கிறது. நீங்கள் 15 லட்ச ரூபாய் வண்டி வாங்கவில்லை. 40 லட்ச ரூபாய் வண்டியை 15-க்கு வாங்குகிறீர்கள், தீனி 40 லட்ச வண்டிக்கானது. அதனால் 15-ஐயும் வண்டிக்கே கொட்டாதீர்கள். 12-க்குள் ஒன்றைப் பிடித்து மிச்சத்தைப் பேங்கில் வையுங்கள். முதல் வருஷமே அதில் பாதி போகும்.

320டி-யில் இருப்பது என்47 டீசல் இன்ஜின். அதன் டைமிங் செயின், அதாவது வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற சங்கிலி, முன்பக்கம் இல்லை, பின்னால் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் பின்பக்கமிருந்து கரகரவென்று உரசுகிற சத்தம் வந்தால் அப்படியே சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். செயினை மாற்ற இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். கூலி மட்டுமே கண்ணைக் கட்டும்.

ஃபார்ச்சூனர் 1,43,000 ஓடியிருக்கிறது என்கிறீர்கள். அந்த 3.0 டி-4டி இன்ஜினில் செயின் கிடையாது, டைமிங் பெல்ட். 1.5 லட்சம் கி.மீ.-யில் மாற்ற வேண்டும். தோப்புக்காரரிடம் கேளுங்கள், "பெல்ட் மாத்தியாச்சுங்களா, பில் இருக்குதுங்களா" என்று. அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும். அப்புறம் இன்ஜின் ஹெட்டைக் கழற்றாமல் வேலை நடக்காது.

என் தீர்ப்பு: ஃபார்ச்சூனர். தூக்கம் வரும்.

ஜூன் 22, காலை

ஒரு திருத்தம். ராத்திரி அவசரத்தில் எழுதிவிட்டேன். 2016 தொடக்கத்தில் இங்கே முகம் மாற்றி வந்த 320டி-யில் இன்ஜினும் மாறிவிட்டது, பி47. 190 குதிரைத்திறன், 400 என்எம் இழுவை. அதற்கு முந்தையது 184-ம் 380-ம். செயின் இதிலும் பின்னால்தான், ஆனால் என்47-க்கு இருந்த கெட்ட பெயர் இதற்கு இல்லை. 2016 என்று சொன்னால் ஆர்சியில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். 2015 கடைசியில் தயாராகி 2016-ல் பதிவான வண்டியை "2016 மாடல்" என்று விற்பது புரோக்கர்களுக்கு வெற்றிலை போடுகிற மாதிரி.

ஜூன் 24

"ஜெர்மன் செடான் வைத்திருந்தவன் மாதிரி எழுதுகிறீர்களே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வைத்திருந்தேன் ஐயா. எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை.

2019-ல் வாங்கினேன், 11.2 லட்சம். ஈரோட்டில் ஒரு டாக்டர் ஓட்டியது. "டாக்டர் வண்டி சார், பூ மாதிரி வெச்சிருக்காரு" என்றான் புரோக்கர். டாக்டர் வண்டி என்றால் நோயும் கூடவே வரும் என்று அப்போது தெரியவில்லை.

முதல் ஆறு மாதம் சொர்க்கம். செங்கப்பள்ளி தாண்டி சேலம் வரைக்கும் அந்த நாலு வழிச் சாலையில் ஓட்டினால் ஸ்பீடோமீட்டரைப் பார்த்தால்தான் வேகம் தெரியும். மனைவி பக்கத்தில் தூங்குவாள். நான் ரேடியோவைக்கூட அணைத்துவிட்டு டயர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவேன். ஏழாவது மாதம் பெருந்துறை பக்கத்தில் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. கூலன்ட் போகிற பிளாஸ்டிக் பைப் ஒன்று, சுண்டுவிரல் நீளம், வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது. வண்டியைத் தட்டு லாரியில் ஏற்றி வந்தோம். ஷோரூம் சர்வீஸில் எஸ்டிமேட் நாலு பக்கம் கொடுத்தார்கள். பைப் முதல் பக்கத்தில் மூணாவது வரி. மீதி எல்லாம் "இதையும் சேர்த்துப் பார்த்துடலாம் சார்" வகை. கடைசிப் பக்கத்தின் கடைசி வரி இன்னும் ஞாபகம் இருக்கிறது: மிஸ்லேனியஸ் கன்ஸ்யூமபிள்ஸ், ரூ. 2,850. அது என்ன என்று கேட்டேன். துணி, ஸ்ப்ரே, கையுறை என்றார்கள். அந்த விலைக்கு நான் வேட்டி எடுத்திருப்பேன்.

அப்புறம் அன்னூர் ரோட்டில் ஒரு குழி. ரன்-ஃப்ளாட் டயரின் பக்கவாட்டில் வெட்டு. ஸ்டெப்னி கிடையாது. அந்த சைஸ் டயர் ஊரில் இல்லை. சென்னையிலிருந்து வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் மச்சான் வேகன்ஆரில் ஆபீஸ் போனேன். வேகன்ஆருக்கு ஸ்டெப்னி இருந்தது.

14 மாதத்தில் பில் நோட்டைக் கூட்டிப் பார்த்தால் 3.1 லட்சம். அதில் பாதி என் முட்டாள்தனம். ஷோரூமை விட்டுவிட்டு சிங்காநல்லூரில் ஒரு பட்டறைக்கு மாறிய பிறகுதான் ஒன்று புரிந்தது. வண்டிக் கம்பெனி முத்திரையோடு பெட்டியில் வருகிற அதே லோயர் ஆர்ம், அதைச் செய்கிற லெம்ஃபோர்டர் பெட்டியிலும் வருகிறது. விலைதான் வேறு. ஃபில்டர் மாலே, விளக்கு ஹெல்லா, இப்படி. இந்த விஷயம் தெரிந்த ஒரு மெக்கானிக், ஸ்கேனரோடு, ஆட்டோவில் போய்த் திரும்புகிற தூரத்தில் இருந்தால் பழைய ஜெர்மன் வண்டியை வைத்துக் காலம் தள்ளலாம். பேட்டரி மாற்றினால்கூட ஸ்கேனர் போட்டு வண்டிக்குச் சொல்ல வேண்டும், புதுசு வந்திருக்கிறது என்று. முதலில் மெக்கானிக்கைத் தேடுங்கள், வண்டியை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.

ஜூன் 24, அதே நாள், சாப்பாட்டுக்குப் பிறகு

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் "லைஃப்டைம், மாத்தவே வேண்டாம்" என்று சொல்வார்கள். 320டி-யின் 8-ஸ்பீடு கியர்பாக்ஸைச் செய்கிற இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீ.-க்குள் மாற்றச் சொல்கிறது. பின்னே யாருடைய லைஃப்?

ஜூலை 1

இன்று முதல் டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசலுக்கும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோலுக்கும் பங்க்கில் எண்ணெய் ஊற்ற மாட்டார்களாம். காலையிலிருந்து நாலு பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள்: "டெல்லியில் செடான் எல்லாம் கடலை விலைக்குப் போகுது, எடுத்துட்டு வந்துடலாமா?"

வரலாம். கணக்கை முழுசாகப் போட்டுவிட்டு வாருங்கள். அங்கே படிவம் 28-ல் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று. பழைய கடன் இருந்தால் ஆர்சியில் கடன் பதிவை (ஹெச்பி) கேன்சல் செய்ய வேண்டும். இங்கே வந்து மறுபதிவு, தமிழ்நாட்டு லைஃப் டாக்ஸ். புது வண்டிக்கு 20 லட்சத்துக்கு மேல் விலை என்றால் 20 சதவீதம், பழசுக்கு வயதுக்கேற்பக் குறையும், ஆனால் கட்டாமல் விட மாட்டார்கள். அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்ப வாங்குகிறேன் என்று சபதம் போட்டவர்கள் எனக்கு மூன்று பேரைத் தெரியும். மூன்று பேரும் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. டெல்லி நம்பரோடேயே ஓட்டிக்கொள்ளலாம் என்றால் 12 மாதம்தான், அதற்குள் நம்பர் மாற்ற வேண்டும். பாண்டிச்சேரி நம்பர் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியவருக்கு: அந்த முகவரியில் நீங்கள் குடியிருக்கிறீர்களா?

ஜூலை 4

டெல்லி அரசே அந்தத் தடையை நிறுத்தி வையுங்கள் என்று எழுதிவிட்டது. மூன்று நாள் வைராக்கியம்.

ஜூலை 13

இன்று ஃபார்ச்சூனர் வகையைப் பற்றி எழுதுகிறேன். முதல் நாள் "ஃபார்ச்சூனர், தூக்கம் வரும்" என்று ஒரே வரியில் முடித்தேன். அது கொஞ்சம் திமிர்.

செடானை விற்ற பிறகு 2021-ல் நான் வாங்கியதும் ஒரு லேடர் ஃப்ரேம் எஸ்யூவிதான், ஃபார்ச்சூனர் மாதிரியே ஏணி போன்ற சட்டத்தின் மேல் உடம்பை உட்கார வைத்தது. இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறேன். இதற்கும் பெயர் வேண்டாம். நாலு வருஷத்தில் ரோட்டில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. குழி, மேடு, கிராமத்து வேகத்தடை எதற்கும் காலைத் தூக்குவதில்லை. எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார்.

ஆனால் அம்மா. 74 வயது. அந்தப் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாது. முதல் தடவை நானும் என் கூடப் பிறந்த தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஏற்றினோம். ஏறி உட்கார்ந்ததும் "லாரிக்கு லோடு ஏத்துற மாதிரி ஏத்தறீங்கடா" என்றாள். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கினேன், 180 ரூபாய், நீல நிறம். நாலு வருஷமாக அது டிக்கியில் இருக்கிறது. கோவில் வாசலில் வண்டியை நிறுத்தி, டிக்கியைத் திறந்து, ஸ்டூலை எடுத்துப் போடுவேன், அம்மா ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் என் தலையையும் பிடித்து இறங்குவாள். என் தலையில் முடி குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

செடானில் எப்படி? அதில் ஏறுவது சுலபம். முதலில் உட்கார்ந்துகொண்டு அப்புறம் காலை இழுத்துக்கொள்ளலாம். இறங்குவதுதான் சிரமம். தாழ்வான சீட்டிலிருந்து எழ முட்டியில் பலம் வேண்டும். "கெணத்துல இருந்து ஏறி வர்ற மாதிரி இருக்குது" என்பாள். ஆக முட்டி வலிக்காரருக்கு இரண்டுமே சரியில்லை. நாற்காலி உயரத்தில் சீட் இருக்கிற வண்டிதான் சரி. உங்கள் பட்டியலில் அப்படி ஒன்று இல்லை.

வால்பாறைக்கும் ஒரு வார்த்தை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி. செடானில் போனபோது என் மகள் கதைப் புத்தகம் படித்துக்கொண்டு வந்தாள். எஸ்யூவியில் பதினோராவது வளைவில் பாலிதீன் கவர் கேட்டாள். கனமான உடம்பு ஃப்ரேம் மேல் உட்கார்ந்து இடதும் வலதுமாக ஆடுகிறது, பின் சீட்டில் அது இன்னும் அதிகம். மூன்றாவது வரிசையில் பிள்ளைகளை உட்கார வைத்து மலை ஏறுவதாக இருந்தால் கவர் அரை டஜன்.

ஜூலை 14

இவ்வளவு எழுதிவிட்டு ராத்திரி ஓஎல்எக்ஸில் செடான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி பார்த்துவிட்டாள்.

ஆகஸ்ட் 3

கேள்வி கேட்ட தம்பி கூப்பிட்டார், பொள்ளாச்சிக்கு நானும் போனேன். தோப்பில் தென்னைமரத்தடியில் ஃபார்ச்சூனர் நின்றது. மேலே இரண்டு இடத்தில் லேசான பள்ளம், தேங்காய் விழுந்தது என்று அவரே சொல்லிவிட்டார். நல்ல மனுஷன். இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

டைமிங் பெல்ட் மாற்றவில்லை. "இன்னும் ஏழாயிரம் ஓடட்டுமுங்க" என்றார். பெல்ட்டுக்கு கிலோமீட்டரோடு வயதும் ஒரு கணக்கு, 11 வருஷ ரப்பர். வாங்கினால் வீட்டுக்குப் போகிற வழியிலேயே பட்டறையில் விட வேண்டும்.

சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பார்த்தோம். இதை எல்லாரும் செய்யுங்கள். தண்ணீரில் மூழ்கிய வண்டியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட்டின் உள்பக்கச் சுருளில் சேற்றுக் கோடு நிற்கும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய வண்டிகள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை, வெளியூர்களில் பூ மாலையோடு நிற்கின்றன. இந்த வண்டியில் சேறு இல்லை. பெல்ட் இடுக்கில் ஒரு கொப்பரைத் துண்டு இருந்தது.

டயர் நாலிலும் தயாரிப்பு வாரம், வருஷம் நாலு இலக்கத்தில் இருக்கும், பார்த்தோம். மூன்று 2022, ஒன்று 2017. அந்த 2017 ஏன் என்று கேட்டதற்கு "ஸ்டெப்னியை மாட்டியிருக்கோம்" என்றார். சரி.

13.5 கேட்டவர் 12.9-க்கு இறங்கினார். தம்பி கொடுக்கவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முகம் சுருங்கிவிட்டது.

ஆகஸ்ட் 5

ஜூன் 22-க்கு அப்புறம் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது "நோ கிளெய்ம் போனஸும் வண்டியோடு வந்துவிடும்" என்று எழுதியிருந்தேன், இன்சூரன்ஸில் பணம் கேட்காதவருக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி அது. தப்பு. போனஸ் ஆளோடு போகும், வண்டியோடு வராது. விற்றவர் தன் அடுத்த வண்டிக்கு எடுத்துக்கொள்வார், நீங்கள் முழு பிரீமியம் கட்ட வேண்டும். ஒன்பது வருஷ வண்டிக்கு ஜீரோ டெப், அதாவது பாகம் பழசு என்று கழிக்காமல் தருகிற இன்சூரன்ஸ், கிடைப்பது கஷ்டம். பம்பர் போனால் பிளாஸ்டிக் கணக்கில் பாதி உங்கள் கையிலிருந்து. பம்பர் விலை எந்த வண்டியுடையது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 14

உச்ச நீதிமன்றம் பழைய வண்டிக்காரர்கள் மேல் இப்போதைக்குக் கடுமையான நடவடிக்கை வேண்டாம் என்று முந்தாநாள் சொல்லிவிட்டது. டெல்லியில் கடலை விலை ஏறிவிட்டதாக அந்த நாலு பேரில் ஒருவர் வருத்தப்படுகிறார். வாங்கவே போவதில்லை, வருத்தம் மட்டும்.

செப்டம்பர் 7

வாங்காமல் இழுத்தது நல்லதாகப் போயிற்று. 22-ஆம் தேதியிலிருந்து பெரிய வண்டிகளுக்கு செஸ் போய் ஜிஎஸ்டி 40 சதவீதம். பெரிய எஸ்யூவிக்கு இதுவரை 28-ம் 22-ம் சேர்ந்து 50. புது ஃபார்ச்சூனர் 3.49 லட்சம் வரை குறைகிறது. புதுசு குறைந்தால் பழசும் அதே விலையில் நிற்க முடியாது. 14.75 கேட்ட 320டி பார்ட்டியைக் கூப்பிடச் சொன்னேன். விற்கவில்லை, இன்னும் இருக்கிறது. 13.4 என்கிறார். ஜூன் மாதத்திலிருந்து நிற்கிற வண்டி. நிற்கிற ஒவ்வொரு மாதமும் அவருக்கு டயரும் பேட்டரியும் செலவு. 12-க்கு மேல் வாயைத் திறக்காதீர்கள் என்றேன்.

"அண்ணா, நீங்க ஃபார்ச்சூனர் சொன்னீங்களே" என்றார். சொன்னேன். தோப்புக்காரர் வண்டியை நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள். இரண்டு மாதமாக நான் எழுதியதை நானே திரும்பப் படித்தால் எஸ்யூவியை மூளையால் பாராட்டியிருக்கிறேன், செடானைப் பற்றி எழுதும்போது மட்டும் பத்தி நீளமாகியிருக்கிறது.

அக்டோபர் 12

அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு மேம்பாலம் வியாழக்கிழமைதான் திறந்தார்கள், உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. இன்று காலை ஆறு மணிக்கு அதில் 320டி-யை ஓட்டிப் பார்த்தோம். விற்கிறவர் முன் சீட்டில், தம்பி ஓட்ட, பின்னால் நானும் அவருடைய மாமனாரும். மோட்டார் பித்துப் பிடித்த மனுஷர் பெயர் வைத்த பாலத்தில் டெஸ்ட் டிரைவ், அதுவே ஒரு பொருத்தம்.

முந்தின நாள் சிங்காநல்லூர் பட்டறையில் ஸ்கேன் போட்டாகிவிட்டது. கம்ப்யூட்டருக்குள் இரண்டு மூன்று இடத்தில் கிலோமீட்டர் பதிந்திருக்கும், எல்லாம் 64 ஆயிரத்தையே காட்டின. தயாரிப்பு 2016 ஏப்ரல், பி47-தான். முன்பக்க லோயர் ஆர்ம் புஷ் இரண்டும் போய்விட்டது. டயர் நாலும் 2018. மெக்கானிக் ஒரு துண்டுச் சீட்டில் 1.9 என்று எழுதி தம்பி கையில் கொடுத்தார், டயர், ஆர்ம், கியர்பாக்ஸ் ஆயில், பேட்டரி எல்லாம் சேர்த்து.

மாமனார் ஒரு வார்த்தை பேசவில்லை. பீளமேடு மேலே போகும்போது கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, கீழே நெரிசலில் நிற்கிற பஸ்களைப் பார்த்தார். திரும்ப வந்து வீட்டு வாசலில் நிறுத்தினோம். நான் இறங்கி அவர் பக்கம் போய்க் கையை நீட்டினேன். ஜூலை 13-ல் எழுதியது எல்லாம் மனசில் ஓடியது. கிணறு, முட்டி, நாற்காலி உயரம்.

"இறங்கறீங்களா மாமா?"

"எதுக்குங்க? காபியை இங்கயே கொண்டாரச் சொல்லுங்க" என்றார்.

கடைசிப் பேச்சு 11.8. நாளைக்குப் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-ல் கையெழுத்து. நீல ஸ்டூல் ஒன்று நான் வாங்கிக் கொடுத்தேன். செடானுக்கு எதற்கு என்று தம்பி கேட்டார். மாமனார் இறங்க மறுத்தால் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம்.